கடைசிவரை அவர் வாயே திறக்கவில்லை

சிட்டிசன்ஷிப் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, சம்மன் வந்துவிட்டது. கோர்ட் முத்திரையோடு ஒரு காகிதம் வந்தால் ஊரில் வளர்ந்தவனுக்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஜூரி டூட்டிக்குத்தான், அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவில் உட்காரத்தான், கூப்பிட்டிருந்தார்கள். நான் இருப்பது கலிஃபோர்னியாவில். கிரீன் கார்டு போதாது, குடியுரிமை இருந்தால்தான் ஜூரியில் உட்கார முடியும். முந்தின நாள் மாலை கோர்ட் வெப்சைட்டில் நம் குரூப் எண்ணைப் பார்க்க வேண்டும். பல பேருக்கு வர வேண்டாம் என்றே போட்டுவிடுவார்கள் என்று ஆபீஸில் சொன்னார்கள். எனக்கு வரச் சொல்லித்தான் இருந்தது.

இந்தியாவில் ஜூரி முறை எப்போதோ போய்விட்டது. ஜூரி உட்கார்ந்து விசாரித்த பழைய நானாவதி கொலை வழக்கைப் பற்றி அப்பா சொல்லக் கேட்டதோடு சரி, ஜூரி என்றால் என்னவென்று எனக்கு வேறெதுவும் தெரியாது.

காலையில் பெல்ட்டைக் கழற்றி ஸ்கேனரில் போட்டு உள்ளே போனால், பெரிய ஹால் நிறையக் கூட்டம். எங்களில் அறுபது பேரை மாடிக்கு அழைத்துப் போனார்கள். நீதிபதி வழக்கைச் சொன்னார்: திருட்டுப் பொருள் என்று தெரிந்தே ஒரு எலெக்ட்ரிக் சைக்கிளை வைத்திருந்ததாகக் குற்றச்சாட்டு. குற்றம் சாட்டப்பட்டவர் எழுந்து எங்களுக்குத் தலையாட்டினார். இருபத்தைந்து வயசு இருக்கும். புதுச் சட்டை, கவரிலிருந்து பிரித்த மடிப்புத் தடம்கூடப் போகவில்லை.

பக்கத்தில் இருந்தவர் பப்ளிக் டிஃபெண்டர், அதாவது அரசு சம்பளம் கொடுத்து அவருக்காக வைத்த வக்கீல். கிளாரன்ஸ் கிடியன் என்ற கைதி ஃப்ளோரிடா சிறையிலிருந்து பென்சிலால் எழுதிய மனுவை உச்ச நீதிமன்றம் ஏற்று, 1963-ல் கொடுத்த தீர்ப்பால் நாடு முழுக்க உறுதியான உரிமை அது. அந்த வக்கீல் ஒவ்வொருவராகக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்து என்னிடம் நின்றார்.

“விசாரணை இன்னும் ஆரம்பிக்கவில்லை. இந்த நிமிஷமே தீர்ப்புச் சொல்லுங்கள் என்றால் என்ன சொல்வீர்கள்?”

“எதுவும் கேட்காமல் எப்படிச் சொல்வது? தெரியாது என்பேன்.”

நியாயமான பதில் என்றுதான் நினைத்தேன். அவர் சிரித்தார். “தெரியாது என்று ஒரு தீர்ப்பு கிடையாது. சாட்சியம் எதுவும் இல்லை என்றால் ‘குற்றவாளி அல்ல’ என்பதுதான் பதில்.” நீதிபதி குறுக்கிட்டு, அந்த விதியை ஏற்று நடக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். எப்படியும் அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தால், பன்னிரண்டு பேரில் ஒருவனாக உட்கார வைத்துவிட்டார்கள்.

இரண்டு நாள் சாட்சிகள். சைக்கிளின் சொந்தக்காரர், அப்புறம் போலீஸ்காரர், கடைசியில் குற்றம் சாட்டப்பட்டவரின் நண்பர். இணையத்தில் விளம்பரம் பார்த்து, ஒரு பார்க்கிங் லாட்டில் 600 டாலர் கொடுத்துத் தாங்கள் வாங்கியதாக நண்பர் சொன்னார். புதிதாக வாங்கினால் அது 2,000 டாலர் சைக்கிள். சீரியல் நம்பரைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். இதைப் பார்த்துமா சந்தேகம் வரவில்லை என்று அரசுத் தரப்பு வக்கீல் கேட்டார். நல்ல கேள்வி.

நான் காத்திருந்தது குற்றம் சாட்டப்பட்ட அந்தப் பையனுக்காக. அவன் கூண்டேறிச் சொல்லட்டும், முகத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம் என்று இருந்தேன். டிஃபென்ஸ் தரப்பு முடிந்தது என்று வக்கீல் உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சப்பென்று போனது. மடியில் கனமில்லை என்றால் ஏறிச் சொல்ல வேண்டியதுதானே?

நீதிபதி எங்களுக்கு அறிவுரைகளை வாசித்தபோது சரியாக இதைத் தொட்டார். சாட்சி சொல்லாமல் இருப்பது அவருடைய உரிமை, எந்தக் காரணத்துக்காகவும் அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது, உள்ளே அதைப் பற்றிப் பேசவும் கூடாது. அரசுத் தரப்பும் தன் கடைசி வாதத்தில் அதைத் தொடவே இல்லை. வழக்கு முடிந்த பிறகு தேடினால், கிரிஃபின் என்ற கலிஃபோர்னியா வழக்கில் 1965-லேயே இந்த விஷயத்தில் அரசுத் தரப்பின் வாயைக் கட்டிவிட்டார்கள் என்று தெரிந்தது. (நடுவில் தேடியிருந்தால் நான் மாட்டியிருப்பேன். வழக்கு முடியும்வரை அதைப் பற்றி இணையத்தில் பார்க்கக் கூடாது, வீட்டில் பேசக் கூடாது.)

ஜூரி அறையில் முதல் ஓட்டு எட்டுக்கு நாலு. குற்றவாளி என்ற நாலில் நானும் ஒருவன். “நானாக இருந்தால் ஏறிப் பேசியிருப்பேன்” என்று ஒருவர் ஆரம்பித்ததுமே, தலைமை ஜூரராக இருந்த ரிட்டயர்டு டீச்சரம்மா மேஜையைத் தட்டினார். “அதைப் பேசக் கூடாது.” சரி என்று போட்டோக்களை எடுத்தோம். சுரண்டிய நம்பர் இருந்தது பெடலுக்கு அடியில். சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பினால்தான் தெரியும். கட்டட வேலை பார்க்கும் ஒருவர் கேட்டார்: “உங்கள் சைக்கிளை யாராவது திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா?” யாரும் கை தூக்கவில்லை.

குற்றச்சாட்டு உண்மை என்று மனசில் நிலைத்து நிற்கிற உறுதி வேண்டும் என்று நீதிபதி சொல்லியிருந்தார். எனக்கு இருந்தது சந்தேகம்தான், அதுவும் பாதி அந்த மௌனத்தால் வந்தது. அன்று இரவு தூக்கமே வரவில்லை. மறுநாள் காலை ஓட்டை மாற்றினேன். மதியத்துக்குள் பன்னிரண்டு பேரும் ஒரே பக்கம் வந்துவிட்டோம்.

கிளார்க் தீர்ப்பை வாசித்துவிட்டு, “இது உங்கள் தீர்ப்புதானா?” என்று ஒவ்வொருவரையும் கேட்டார். அந்தப் பையன் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அதே சட்டைதான். மடிப்பு போயிருந்தது.

நாலு நாளுக்கு மூன்று நாள் படி, நாளுக்கு 15 டாலர். முதல் நாளுக்கு ஒன்றும் கிடையாது. அதற்கு மேல் கொஞ்சம் பெட்ரோல் காசு.

ராத்திரி அம்மாவிடம் போனில் முழுக் கதையையும் சொன்னேன்.

“கடைசியில் அவனுக்கு அது திருட்டு வண்டின்னு தெரியுமா, தெரியாதா?”

“தெரியலைம்மா.”

“நாலு நாள் உக்காந்துமா?”

“ஆமாம்மா.”

“நல்லா இருக்குடா உங்க கோர்ட்” என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.