“எந்த பி?”

கனடாவில் ஒரு வைராலஜி லேபில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நாட்டின் வடகோடிப் பிரதேசமான நுனாவுட்டிலிருந்து சீரம் (ரத்தத்தில் அணுக்களை நீக்கிய பின் மிஞ்சும் திரவம்) மாதிரிகள் வரும். அங்கே ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குச் சாலையே கிடையாது, எல்லாம் விமானத்தில்தான், வானிலை கெட்டுவிட்டால் பார்சல் எங்கேயாவது நின்றுவிடும். டிரை ஐஸ் தீர்ந்துபோயிருக்குமோ என்ற பதைப்போடுதான் பெட்டியைத் திறப்போம். உள்ளே சுண்டுவிரல் நீளத்தில் குழாய்கள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வெளிர் மஞ்சள் திரவம். பெயர் இருக்காது, எண் மட்டும்.

அதில் இருக்கும், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் எந்த வகை என்று சொல்வது என் வேலை. இந்த வைரஸின் மரபணுத்தொகுதி மொத்தமே சுமார் 3,200 எழுத்துகள்தான். அதில் 8 சதவீதம் அளவுக்கு வித்தியாசம் இருந்தால் தனி வகை என்று ஏ, பி, சி எனப் பெயர் வைத்திருக்கிறார்கள். (நோயின் பெயரிலும் பி, அதன் ஒரு வகைக்கும் பி. புதிதாக வருபவர்களுக்கு இது குழப்பம்தான்.) ஒரு மாதிரிக்கு எஸ் ஜீனை (வைரஸின் மேலுறைப் புரதத்துக்கான ஜீன்) மட்டும் சீக்வென்ஸ் செய்து, அதாவது எழுத்து எழுத்தாகப் படித்து, எந்த வகைக்கு நெருக்கம் என்று காட்டும் ட்ரீ போட்டுப் பார்த்து, ‘பி வகை’ என்று ரிப்போர்ட் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை சீனியர் அந்தத் தாளோடு வந்தார். “எந்த பி?” என்றார்.

பி வகைக்குள்ளும் பி1, பி2 என்று உட்பிரிவுகள் உண்டு. ஆசியாவில் பரவலாக இருக்கிற பி வகைகளில் கோர் ஜீன் (வைரஸின் உள்கூட்டுப் புரதத்துக்கான ஜீன்) பகுதி சி வகையிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. ஜப்பானில் இருக்கும் பி1-லும் ஆர்க்டிக் மக்களிடம் இருக்கும் பி6-லும் அந்த ஒட்டு கிடையாது. எஸ் ஜீனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஒட்டு இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? சரி என்று கோர் ஜீனுக்கான பிரைமர்களை (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) எடுத்து மறுபடி தொடங்கினேன். ரத்தத்தில் வைரஸ் குறைவு, ஜீனை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆரின் முதல் சுற்றில் ஜெல்லில் ஒரு பேண்டும் (டிஎன்ஏ இருந்தால் தெரியும் கோடு) இல்லை, இரண்டாம் சுற்றுக்குப் பிறகுதான் மங்கலாக ஒரு கோடு தெரிந்தது. மூன்று நாள் போனது. ஒட்டு இல்லை. ட்ரீயிலும் ஜப்பானின் பி1-ஓடு சேராமல் ஆர்க்டிக் வைரஸ்களோடு சேர்ந்தது. பி6.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். பி6 தென்படுவது அலாஸ்கா, கனடாவின் வடகோடி, கிரீன்லாந்து. ஆர்க்டிக் பூர்வகுடிகளான இன்றைய இனுயிட்டுகளின் மூதாதையரான தூலே மக்கள் ஏறக்குறைய 1,000 ஆண்டுகளுக்கு முன் அலாஸ்காவிலிருந்து கிழக்கே நகர்ந்த வழியும் அதேதான். தாயிடமிருந்து பிள்ளைக்கு, வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு என்று வைரஸும் கூடவே நடந்திருக்க வேண்டும்.

ஆனால் என்னை உலுக்கியது அலாஸ்காவின் கணக்கு. அங்குள்ள பூர்வகுடிகளிடம் ஏ, பி, சி, டி, எஃப் என ஐந்து வகைகள் இருக்கின்றன. வைரஸ் மும்முரமாகப் பெருகுவதைக் காட்டும் ‘இ ஆன்டிஜென்’ என்ற புரதம் சி தவிர மற்ற நான்கிலும் பாதிப் பேருக்கு 20 வயதுக்குள் மறைந்துவிடுகிறது, சி வகையில் அதற்கு 47 வயது தாண்டுகிறது. அதாவது ஒரு பெண் பிள்ளை பெறும் காலம் முழுக்க அவள் ரத்தத்தில் வைரஸ் பெருகியபடி இருக்கலாம். எஃப் வகையிலோ கல்லீரல் புற்றுநோய் இளம் வயதிலேயே வருகிறது. எல்லோருடைய பரிசோதனைச் சீட்டிலும் ‘பாசிட்டிவ்’ என்ற ஒரே சொல்தான் இருந்திருக்கும்! 1980களில் அங்கே பச்சிளங்குழந்தை முதல் எல்லோருக்கும் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். 25 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, 1999-க்குப் பின் 20 வயதுக்கு உட்பட்ட பூர்வகுடிகளில் ஒருவருக்கும் கல்லீரல் புற்றுநோய் வந்திருக்கவில்லை. அந்த வரியை இரண்டு தடவை படித்தேன்.

பி6 பொதுவாகச் சாதுவான வகை என்கிறார்கள். அதற்காக நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஹெபடைடிஸ் பி இருக்கும் உடலில் மட்டுமே பிழைக்கும் டெல்டா வைரஸ் வந்து சேர்ந்தால் கல்லீரல் வேகமாகக் கெடும். கிரீன்லாந்தில் ஒரு சின்ன ஊரில் குழந்தைகளிடையே அப்படித்தான் பரவியது.

ரிப்போர்ட்டில் ‘பி6, கலப்பு இல்லை’ என்று திருத்தி, கீழே டெல்டாவுக்கும் பார்க்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன். முதலிலேயே இரண்டு ஜீனுக்கும் சேர்த்துத் திட்டமிட்டிருந்தால் சீரம் மிஞ்சியிருக்கும். இப்போது குழாயின் அடியில் ஒரு துளி. இன்னொரு தடவை வேண்டுமென்றால் அந்த ஊரில் அந்த மனிதர் மறுபடி கையை நீட்ட வேண்டும். துளியை மைனஸ் 80 ஃப்ரீசரில் வைத்து, குழாயின் எண்ணைப் பதிவேட்டில் எழுதிவிட்டு வந்தேன்.