பழைய 6 அங்குல மூன்று ஜா சக்: பிரித்தது முதல் ஜா கிரைண்டிங் வரை

லேத்தில் வேலைப்பொருளைப் பிடித்துச் சுழற்றும் சக் இது, பிடிக்கும் தாடைதான் ஜா. வேலைக்கு வந்த நிலை: சாவி பாதிச் சுற்றில் இறுகிக்கொள்கிறது. சாவி திருப்பும் சிறு பல்சக்கரமான பினியன்களில் ஒன்றின் சதுர ஓட்டை உருண்டுவிட்டது. 20 மி.மீ. கிரவுண்ட் ராடை (துல்லியமாக அரைத்த கம்பி) பிடித்து, ஜாவிலிருந்து 25 மி.மீ. தள்ளி டயல் கேஜ் வைத்தால் 0.22 மி.மீ. ஆட்டம்.

சக்கைக் கழற்றுமுன் லேத் பெட்டின் மேல் மரப்பலகை போட வேண்டும். சக்கைத் தாங்கும் பேக் பிளேட்டிலும் சக்கின் பாடியிலும் நேருக்கு நேர் பஞ்ச் குறி வைத்துவிட்டுத்தான் போல்ட்டைத் தொடலாம். மூன்று பினியனுக்கும் அதனதன் ஓட்டைக்கும் தனிக்குறி போடுங்கள். ஜாக்களை நகர்த்தும் சுருள் பல் தட்டான ஸ்குரோல் இறுகி நின்றால் மரக்கட்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டினால் வரும். இரும்புச் சுத்தியலால் ஓரிடத்தில் அடித்தால் கோணி மாட்டிக்கொள்ளும்.

உள்ளே காஸ்ட் அயர்ன் தூளும் பழைய கிரீஸும் சேர்ந்து தார் மாதிரி கெட்டியாகியிருந்தது. ஓரிரவு மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பித்தளை பிரஷ்ஷால் தேய்த்தோம். சென்னைக் காற்றில் கழுவிய பாகத்தை அப்படியே விட்டால் காலையில் துரு பூத்திருக்கும். துடைத்த கையோடு எண்ணெய் தடவ வேண்டும். ஸ்குரோலின் வெளி முனையில் ஒரு பிசிறு தட்டுப்பட்டது, எண்ணெய்க்கல்லில் எடுத்ததும் இறுக்கம் போயிற்று. மறுபடி பூட்டும்போது கிரீஸை அடைக்காதீர்கள், தூளைப் பிடித்து வைக்கும். மெல்லிய பூச்சு போதும்.

ஜாக்களில் எண் அழிந்திருந்தது. மூன்றையும் பிடிக்கும் முனை ஒரே மட்டத்தில் வரும்படி அடுக்கிப் பாருங்கள். முனைக்கு மிக அருகில் முதல் பல் இருப்பது 1. அதைவிடப் பல் இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு தள்ளியிருப்பது 2, இன்னும் அவ்வளவு தள்ளியிருப்பது 3. ஸ்குரோலின் முனை 1ஆம் எண் பள்ளத்தில் தெரியும்போது முதல் ஜாவை நுழைத்து, வரிசையாக மற்றவற்றை மாட்ட வேண்டும்.

ஜா கெட்டுப்போயிருந்தால் மாற்று கிடைப்பதுதான் பெரிய பாடு. அளவு 6 அங்குலம் என்று மட்டும் சொல்லி வாங்கினால் பணம் வீண். பள்ளத்தின் அகலம், பக்கவாட்டுக் காடியின் அகலம், பல் இடைவெளி, பல்லின் வளைவு நான்கும் பொருந்த வேண்டும். புதுப்பேட்டையில் அலைவதில் பயனில்லை, அங்கே வண்டிச் சாமான்தான். பிராட்வே கடைகளில் புதுச் சக் வாங்கலாம், பழசுக்கு ஜா எதிர்பார்க்கக் கூடாது. அதனால் ஸ்குரோலும் ஜாவும் தேறுமா என்று பார்த்துவிட்டே மற்ற செலவில் இறங்க வேண்டும். பினியன் அப்படியில்லை, அம்பத்தூரில் மாதிரி கொடுத்தால் ஈஎன்24 எஃகில் வெட்டி, சதுரத்தை மின்பொறியால் அரிக்கும் ஸ்பார்க் மெஷினில் எடுத்துத் தருவார்கள். சாவியைப் பினியனைவிடக் கொஞ்சம் மென்மையாக வைப்பது நல்லது, தேய்ந்தால் அது தேயட்டும்.

ஆட்டத்துக்குக் காரணம் ஜாவின் வாய் விரிந்தது. ராடைப் பிடித்தபின் முன்பக்கம் 0.05 மி.மீ. ஃபீலர் தகடு தாராளமாக நுழைந்தது. கிரைண்டிங்கில் பலர் செய்யும் தவறு, ஒரு வளையத்துக்குள் ஜாவை வெளிப்பக்கமாக விரித்து இறுக்குவது. அப்போது ஸ்குரோல் பல்லின் மறுபக்கம் சுமை தாங்கும். வேலைக்கு ராடைப் பிடித்ததும் பழைய கோணலே திரும்பும். ஜாவை உள்நோக்கி இறுக்கிய நிலையில்தான் அரைக்க வேண்டும்.

அதற்கு 6 மி.மீ. எம்.எஸ். (மென்னெஃகு) தட்டில் நடுவில் ஓர் ஓட்டை, அதைச் சுற்றி 120 டிகிரியில் மூன்று, நான்கும் சேர்ந்து மூவிலை போல. ஜா முனைகளின் சரிவுகள் இலைகளின் உதட்டில் முட்டி நிற்கும், பிடிக்கும் முகம் மட்டும் நடுவில் தெரியும். பெட்டை ஈரத்துணியால் மூடி, சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டிலை மெதுவாக ஓட்டி, வெட்டுளி பிடிக்கும் டூல்போஸ்ட்டில் கட்டிய கிரைண்டரால் ஒரு தடவைக்கு 0.01 மி.மீ. மேல் இறக்காமல் எடுத்தோம். மூன்று முகத்திலும் முழு நீளத்துக்குப் பொறி வந்ததும் நிறுத்தியாயிற்று. தூள் ஸ்குரோலுக்குள் போயிருக்கும், மறுபடி பிரித்துக் கழுவியாக வேண்டும்.

இப்போது அதே ராடில், அதே இடத்தில் 0.06 மி.மீ. பழைய மூன்று ஜா சக்குக்கு இது நல்ல கணக்கு. 50 மி.மீ. ராடில் 0.09 காட்டுகிறது, அது ஸ்குரோலின் தேய்மானம், ஜாவை அரைத்துச் சரிசெய்ய முடியாது. புதுப் பினியன் ஹீட் ட்ரீட்மெண்ட்டில் இருக்கிறது.