சிறுநீர்க்குழாய்க் கல்லும் லேசர் சிகிச்சையும்

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய் ஏறத்தாழ 25 செ.மீ. நீளமும் 3 முதல் 4 மி.மீ. விட்டமும் கொண்டது. 5 மி.மீ.க்குக் குறைவான கற்கள் பெரும்பாலும் தாமாகவே வெளியேறிவிடும்; பெரியவைதான் விலாவிலிருந்து அடிவயிறு வரை சுருட்டிப் பிடிக்கும் வலியைக் கொடுத்து ஆளைத் துவள வைக்கின்றன. என் அண்ணனுக்குச் சிக்கியிருந்தது 8 மி.மீ. கல்.

வயிற்றைக் கிழிப்பார்களோ என்று அம்மா அஞ்சினார். அண்ணனுக்குச் செய்த யூரிட்டரோஸ்கோப்பி முறையிலோ ஒரு கீறல்கூடக் கிடையாது. மயக்க மருந்து கொடுத்தபின், மெல்லிய உள்நோக்கியைச் சிறுநீர் வெளியேறும் வழியாகவே செலுத்தி, சிறுநீர்ப்பையைக் கடந்து, முன்னதாக விடப்பட்ட வழிகாட்டிக் கம்பியை ஒட்டியே கல் இருக்கும் இடத்தை அடைகிறார்கள். ஹோல்மியம் லேசர் கல்லைப் பொடியாக்க, எஞ்சும் துண்டுகளைச் சிறு கம்பிக்கூடையால் பிடித்து வெளியே இழுத்துவிடுகிறார்கள். 1980இல் மியூனிக்கில் முதன்முதலாக நோயாளிக்கு அளிக்கப்பட்ட, உடலுக்கு வெளியிலிருந்தே கல்லை உடைக்கும் அதிர்வலைச் சிகிச்சையும் கீறலற்றதுதான் என்றாலும், கடினமான கற்களை ஒரே அமர்வில் அகற்றும் வாய்ப்பு லேசர் முறையிலேயே அதிகம்.

யாரும் முன்கூட்டி அழுத்திச் சொல்லாத சங்கதி டிஜே ஸ்டென்ட். வீக்கத்தால் வழி அடைபடாமலிருக்கப் பல நோயாளிகளுக்கு உள்ளே வைக்கப்படும், இருமுனையும் சுருண்ட இந்த மெல்லிய குழாயால், சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் அண்ணனுக்கு விலாவில் இழுத்துப் பிடித்தது. சிறுநீரும் இளஞ்சிவப்பாகவே போனது. லேசர் சிகிச்சையைவிட இதுவே அவரைப் பாடாய்ப் படுத்தியது என்பேன். ஆனாலும் அதை எடுக்க வேண்டிய தேதியை மறந்துவிடலாகாது. மாதக்கணக்கில் உள்ளேயே விட்டால் அதன்மேல் உப்புப் படிந்து புதிய கல்லே உருவாகிவிடும்.