40 சதவீதமும் ஒரு ஸ்டூலும்

தொழில்சார் மறுவாழ்வு ஆலோசகர் என்று சொன்னால், திருப்பூரில் பலர் என்னைக் குடிப்பழக்கத்தை விடவைக்கும் மையத்தில் பணிபுரிபவர் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற வேலையைத் தேடித்தந்து, அதில் அவர்கள் காலூன்றும்வரை பின்தொடர்வதுதான் என் பணி என்று விளக்கி முடிப்பதற்குள் பேருந்து வந்துவிடும்.

என்னிடம் வருகிறவர்கள் உட்கார்ந்ததும் முதலில் எடுத்து நீட்டுவது அடையாள அட்டையைத்தான். அதில் ஒரு சதவீதம் இருக்கும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது; அரசுப் பணியில் 4 சதவீத இடஒதுக்கீட்டைக் கோர, குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். எனவே குடும்பங்கள் அந்த எண்ணைப் பொத்திப் பாதுகாப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எண் அளந்திருப்பது உடலை மட்டுமே. உலோகத் தகட்டை அழுத்தும் பவர் பிரஸ் இயந்திரத்தில் வலக்கை விரல்களை இழந்த ஒருவர் இரண்டு தாள்களைக் கொண்டுவந்தார். வேலையில் அடிபட்டவர்களின் இழப்பீட்டுக்கு அப்போது உதவிய 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் சம்பாதிக்கும் திறனில் 50 சதவீதம் இழப்பு. கட்டைவிரல் மட்டும் போனால் 30. மருத்துவக் குழுவின் சான்றிதழிலோ வேறொரு எண் இருந்தது. எது சரி என்று அவர் கேட்டார். இனி அவர் எதைப் பிடிக்க வேண்டும், எவ்வளவு நேரம், எத்தனை வேகத்தில் என்று தெரியாதவரை, என் வேலைக்கு அவ்விரண்டு எண்களுமே உதவவில்லை.

கிண்டியில் மத்திய அரசு நடத்தும் மையம் போன்ற இடங்களில் தொழில் திறனை மதிப்பிட்டுக்கொண்டு வருகிறவர்களிடம் கூடுதல் விவரம் கிடைக்கும். அப்போதும், ஒருவரை ஓர் இடத்தில் சேர்ப்பதற்கு முன் அந்தக் கம்பெனிக்கு நானே போய், காலை எட்டரை மணியிலிருந்து ஒரு முழு ஷிப்ட் நின்று பார்ப்பதைப் பல ஆண்டுகளாக வழக்கமாக வைத்திருக்கிறேன். ‘செக்கிங்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிற வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். தைத்துவந்த பனியனை எடுக்க வேண்டும், உட்புறமாகத் திருப்ப வேண்டும், தையல் விட்ட இடத்தையும் ஓட்டையையும் எண்ணெய்க் கறையையும் தேட வேண்டும், பழுதுள்ள இடத்தில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், பின்பு தரம்பிரித்து அடுக்க வேண்டும். இவற்றில் எதற்கும் கால்கள் தேவையில்லை. ஆனால் பெரும்பாலான கம்பெனிகளில் செக்கிங் மேசை நின்று பார்ப்பதற்கேற்ற உயரத்தில்தான் இருக்கும்.

இளம்பிள்ளைவாதத்தால் ஒரு கால் சூம்பி, காலைத் தாங்கும் காலிப்பர் அணிந்து நடக்கும் பெண் ஒருவருக்கு இந்த வேலை நன்றாகப் பொருந்தியது. நிற்பது மட்டும்தான் இடையூறு. சாதாரண பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் மேசை மார்பளவுக்கு வந்துவிடும் என்பதால், பாதம் வைக்கக் குறுக்குக் கம்பியுடன் உயரமான ஸ்டூல் ஒன்றை வெல்டிங் பட்டறையில் செய்வித்தேன். மேற்பார்வையாளர் தலையைச் சொறிந்தார்: “இவங்களுக்குப் போட்டா நாளைக்கு எல்லாரும் ஸ்டூல் கேப்பாங்களேங்க.” கேட்கட்டுமே என்று நினைத்தேன். நின்றபடி வேலை செய்வோர் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்து இளைப்பாற வசதி வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொல்லியிருந்தது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் தனியாகச் சட்டத் திருத்தமே செய்தது. ஆனால் அன்று நான் சட்டம் பேசவில்லை. ஒரு வாரம் வைத்துப்பாருங்கள், எண்ணிக்கை குறைந்தால் ஸ்டூலை நானே எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன். ஸ்டூல் இன்றுவரை அங்கேதான் இருக்கிறது.

இதே கவனத்தை எல்லாரிடமும் செலுத்தினேன் என்று சொல்ல முடியாது. காது கேளாத இளம்பெண் ஒருவரை ஓவர்லாக் தையலில் சேர்த்தபோது, நானும் ஊரார் சொல்வதையே நம்பினேன்: இரைச்சல் அவர்களைத் தொந்தரவு செய்யாது, பேச்சில் நேரம் போகாது, ஆகவே வேலை வேகமாக நடக்கும். அவருடைய தையல் நேர்த்தியாகவே இருந்தது. மூன்றாவது வாரம் அவர் நின்றுவிட்டார். அப்பா காரணம் கேட்டும் பதில் இல்லை. சைகைமொழி பெயர்ப்பாளரை அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது: இன்று ஒன்றரை ஷிப்ட், அதாவது கூடுதல் நேரம் வேலை என்பதை லைன் மேற்பார்வையாளர் மாலையில் சத்தமாக அறிவிப்பார், அது எட்டாத இவர் வழக்கம்போல ஐந்தரைக்குப் பையை எடுப்பார், எல்லார் முன்னாலும் திட்டு விழும். ஏன் திட்டுகிறார்கள் என்பதே அவருக்குப் பல நாள் புரியவில்லை. நான் ஊசியையும் நூலையும் பார்த்தேன், மாலை ஐந்தரை மணியைப் பார்க்கவில்லை.

அந்தக் கம்பெனிக்குத் திரும்ப அவர் விரும்பவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. அப்பாவுக்கு வேறு கவலைகள். வேலைக்குப் போனால் அரசின் சலுகைகள் நின்றுவிடுமோ என்ற அச்சம் ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் இருக்கிறது. எந்த உதவிக்கு என்ன நிபந்தனை என்பதை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்ல இரண்டு முறை போக வேண்டியிருந்தது. மாற்றுத்திறனாளித் தொழிலாளர்களுக்கு இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டில் சேர்வதற்கான சம்பள உச்சவரம்பு, மற்றவர்களுக்கு உள்ளதைப் போல 21,000 அல்ல, 25,000 ரூபாய் என்பதைக் கேட்ட பிறகே அவர் முகம் சற்றுத் தெளிந்தது.

இப்போது அப்பெண் வேறொரு கம்பெனியில் இருக்கிறார். அங்கே சேர்ப்பதற்கு முன் நான் கேட்டது ஒன்றுதான்: லைனின் முகப்பில் ஒரு கரும்பலகை, அதில் மதியம் மூன்று மணிக்குள் அன்றைக்கு வேலை முடியும் நேரம். ஒப்புக்கொண்டார்கள். சென்ற வாரம் பார்க்கப் போனபோது பலகையில் முந்தின நாளின் நேரமே அழியாமல் இருந்தது. சாக்பீஸ் தீர்ந்துவிட்டதாம். எதிர்க் கடையில் ஒரு பெட்டி வாங்கி மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிட்டு, அவர் நேரத்தை எழுதும்வரை பக்கத்திலேயே நின்றேன்.