ஃபுல் டிஸ்டன்ஸுக்கு ‘ஃப்ளாட் கோர்ஸ்’ என்று தேடினால் மட்டும் போதாது

நீண்ட ஓட்டம் ஓடிய மறுநாள் காலை, படுக்கையிலிருந்து இறங்கி வைத்த முதல் அடியில் வலி இல்லை. குதிகால் நாணோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும். எனக்கு வலது அக்கிலிஸ். எலும்போடு ஒட்டும் இடத்தில் அல்ல, அதற்கு மேலே நடுப்பகுதியில் தடித்துப்போன வகை. ஓடும்போது வலி பத்துக்கு ஐந்தைத் தாண்டக் கூடாது, மறுநாள் காலைக்குள் பழையபடி அடங்கிவிட வேண்டும் என்பது பிசியோ கொடுத்த விதி. இந்த முறை ஐந்து என்ன, இரண்டைக்கூட எட்டவில்லை. “இனிமே ரேஸ் பாக்கலாம், ஆனா மேடு இருக்கற ரன் மட்டும் வேணாம்” என்றார். எனக்கு அது போதுமே. அன்று மாலையே ஃபுல் டிஸ்டன்ஸ் டிரையத்லான் தேட உட்கார்ந்துவிட்டேன்: நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், முழு மாரத்தான் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கும் ரேஸ்.

குதி உயர்த்தும் பயிற்சி, எடை கூட்டிய கதை எல்லாம் இங்கே தேவையில்லை, உங்களுக்குத் தெரிந்ததுதான். கோர்ஸ், அதாவது ரேஸ் பாதை, தேர்ந்தெடுக்கும் விஷயத்தை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. எந்தக் காயம் என்பதைப் பொறுத்துத்தான் எந்தக் கோர்ஸ் என்பதும். மேட்டில் ஓடும்போது கணுக்கால் அதிகம் மடங்கி, நாண் நீண்ட நிலையில் சுமை தாங்குகிறது. அதனால் எனக்கு ஏற்றம் எதிரி. தொடையின் வெளிப்பக்கப் பட்டை, அதாவது ஐடி பேண்ட் பிரச்சினை உள்ளவருக்கு நேர்மாறு. அவரை இறக்கம்தான் படுத்தும். எனக்குப் பொருந்திய கோர்ஸை அவர் அப்படியே எடுத்துக்கொண்டால் வினைதான்.

சைக்கிளும் கணக்கில் வரும். மிதிக்கும்போது நாணில் விழும் சுமை உடல் எடையைக்கூடத் தொடாது, ஓடும்போது அது பல மடங்காகிவிடுகிறது. அதனால் சைக்கிள் எவ்வளவு மலையாக இருந்தாலும் பரவாயில்லை, ரன் சமமாக இருந்தால் சரி என்று பலர் சொல்வார்கள். பிரான்ஸின் நீஸ் அப்படிப்பட்ட கோர்ஸ்: மலைக்குள் 2,400 மீட்டர் வாக்கில் ஏறிவிட்டு வந்தால், கடலோர உலாச்சாலையில் வழவழவென்று ரன். ஸ்பெயினின் லான்சரோட்டே தீவும் அதே ரகம், அங்கே 2,500 மீட்டர் ஏற்றத்தோடு காற்றும் சேரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கடிகாரத்தைப் பாருங்கள்.

இந்தத் தூரத்துக்குப் பேர்போன அயர்ன்மேன் ரேஸ்களில் பொதுவாக மொத்தம் 17 மணி நேரம். சைக்கிளை முடிக்க, தொடக்கத்திலிருந்து 10 மணி 30 நிமிடம், அதற்குள் வராவிட்டால் வெளியேற வேண்டியதுதான் (கட்-ஆஃப்). கோர்ஸுக்குக் கோர்ஸ் இது கொஞ்சம் மாறும். நீச்சலுக்கு ஒன்றரை மணி நேரம், ஒன்றை முடித்து அடுத்ததற்கு மாறும் இரண்டு டிரான்சிஷனுக்கும் சேர்த்து இருபது நிமிடம் என்று வைத்துக்கொள்கிறேன். 180 கி.மீ. சைக்கிளை சராசரி மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் முடித்தால் 7 மணி 12 நிமிடம். மாரத்தானுக்கு ஏறக்குறைய எட்டு மணி நேரம் மிஞ்சும், அதாவது கிலோமீட்டருக்கு 11 நிமிடத்துக்கு மேல். கால் ஒத்துழைக்காவிட்டால் விறுவிறுவென்று நடந்தே முடித்துவிடலாம். சராசரி 22 ஆனால் மிச்சம் ஏழு மணி நேரம், கிலோமீட்டருக்குப் பத்து நிமிடம்கூட முழுசாக இல்லை. 20-க்கு இறங்கினால் சைக்கிள் கட்-ஆஃபிலேயே கதை முடிந்தது. மலையில் என் சராசரி என்னவாகும் என்பது எனக்குத் தெரியும். ஆக, நான் தேடுவது நடந்து முடிக்கிற உரிமையை விட்டுவைக்கிற சைக்கிள் கோர்ஸ். நீஸும் லான்சரோட்டேயும் பட்டியலிலிருந்து போயின. வேல்ஸைப் பற்றிப் பேச்சே வேண்டாம், அங்கே சைக்கிளும் மேடு, ரன்னும் மேடு, அதுவும் நான்கு சுற்று.

இனி ஜிபிஎக்ஸ் கோப்புகள், அதாவது பாதையின் இடமும் உயரமும் பதிவான கோப்புகள். தேடிய நேரத்தில் பெரும்பகுதியை இவைதான் தின்றன.

ரேஸ் பக்கத்தில் போடும் ‘மொத்த ஏற்றம்’ என்ற எண்ணை நம்பி ஒரு முடிவும் எடுக்காதீர்கள். ஆற்றோரம் நான்கு சுற்று ஓடும் ஒரு ரன்னை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை பாலம் ஏற வேண்டும். ஏறுசரிவு 150 மீட்டர் நீளம், ஆறு சதவீதம் என்றால் ஒருமுறைக்கு 9 மீட்டர் ஏற்றம். எட்டு முறைக்கு 72 மீட்டர். 42 கி.மீ.க்கு 72 மீட்டர் என்றால் யாரும் ‘ஃப்ளாட்’ என்றுதான் எழுதுவார்கள். ஆனால் என் நாணைக் கேட்டால், ஆறு சதவீத மேட்டில் 1,200 மீட்டர் ஓடியிருக்கிறது, அதில் பாதி ஏற்கெனவே களைத்துப்போன இரண்டாம் பாதியில். ஃபிராங்க்ஃபர்ட் ரன் மைன் ஆற்றின் இரு கரையிலும் போகிறது. கரை மாற வேண்டுமென்றால் பாலம் ஏறித்தானே ஆக வேண்டும்? படத்தில் அது கண்ணில் படவே படாது.

ஏன் படாது என்பதுதான் வேடிக்கை. வரைபடத் தளங்கள் பெரும்பாலும் கோப்பில் உள்ள உயரத்தை அழித்துவிட்டுத் தங்கள் நிலப்பரப்பு மாதிரியிலிருந்து உயரத்தை எடுத்துப் போட்டுவிடும். பாலம் அந்த மாதிரியில் இருக்காது. அதற்கு அடியில் ஓடும் ஆறுதான் இருக்கும். நீங்கள் பாலத்தில் ஏறும் இடத்தில் வரைபடம் உங்களைத் தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். மறுபக்கம், வாட்ச் ஜிபிஎஸ் உயரத்தை மட்டும் நம்பிய கோப்பு என்றால் இல்லாத மேடு பள்ளமெல்லாம் சேர்ந்து ஏற்றம் ஊதிப்போயிருக்கும். ஒரே ரன்னை ஓடிய இரண்டு பேரின் ‘மொத்த ஏற்றம்’ ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருப்பதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

கடைசியில் கைகொடுத்த வழி இது. ஓட்டங்களைப் பதிவிடும் ஸ்ட்ராவா செயலியில் அந்த ரன்னை ஓடியவர்களில், காற்றழுத்த ஆல்டிமீட்டர் உள்ள வாட்ச் கட்டியவர்களை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் (வாட்சின் பெயர் அங்கேயே இருக்கும்). வானிலை மாறினால் அதிலும் உயரம் மெல்ல நகரும், ஆனால் சின்ன ஏற்ற இறக்கம் சரியாகவே வரும். அப்புறம் ரன்னைச் சுற்றுச் சுற்றாக வெட்டி, ஒரு சுற்றின் மேல் இன்னொன்றை வைக்க வேண்டும். எல்லாச் சுற்றிலும் அதே இடத்தில் வரும் மேடு நிஜ மேடு. ஒரு சுற்றில் மட்டும் வருவது வாட்சின் கற்பனை. பிறகு 50 மீட்டர் துண்டுகளாக்கி ஒவ்வொன்றின் சரிவையும் விரிதாளில் போட்டால், நான்கு சதவீதத்துக்கு மேல் மொத்தம் எத்தனை மீட்டர் என்று ஒரே எண் வந்துவிடும். அந்த எண்ணை வைத்துத்தான் கோர்ஸ்களை வரிசைப்படுத்தினேன். துண்டு 50 மீட்டருக்குக் கீழே போனால் இரைச்சல், 200 மீட்டரானால் பாலம் கரைந்து காணாமல் போய்விடும். இந்த ஒரு முடிவுக்கே நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், ஆனால் விரிதாள் இப்போது அழகாக வேலை செய்கிறது, பெருமையாகவே சொல்கிறேன்.

கோப்பில் வரவே வராத இன்னொரு சமாச்சாரம், சாலையின் குறுக்குச் சரிவு. தண்ணீர் வடிவதற்காகச் சாலையின் நடுவை உயர்த்தி இரு பக்கமும் சரித்திருப்பார்கள். போகும்போதும் வரும்போதும் அதே சாலை, அதனால் சமமாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. போகும்போது இடது ஓரம், திரும்பும்போதும் இடது ஓரம் என்றால் இரண்டு முறையும் சரிவு உங்கள் இடப்பக்கம்தான் இறங்கும். ஒரு கால் 42 கி.மீ.யும் மேட்டுப்பக்கம், ஒரு கால் பள்ளப்பக்கம். சாலையின் ஒரு பாதியை மட்டும் மூடி அதற்குள்ளேயே போய்வர விட்டால்தான் திரும்பும்போது சரிவு பக்கம் மாறும். கடலோர நடைபாதைகள் பெரும்பாலும் ஒரே பக்கம் சரிந்திருக்கும் என்பதால் அங்கேயும் போய்வந்தால் சமம். இதற்குத் தெருப் படங்களும், பார்வையாளர்கள் கைபேசியில் எடுத்த காணொளிகளும்தான் கதி. ஓடுபவர்கள் எல்லாரும் நடுக்கோட்டில் ஒதுங்கி ஓடுகிறார்கள் என்றால் ஓரம் மோசம் என்று அர்த்தம்.

டி1 ஓட்டத்தையும், அதாவது நீச்சல் முடிந்து சைக்கிளுக்கு ஓடுவதையும், யாரும் எண்ணுவதில்லை. தண்ணீரிலிருந்து எழுந்து வெறுங்காலோடு, குதிக்கு எந்த உயரமும் இல்லாமல், படுத்தே இருந்த உடம்பு திடீரென்று ஓடும் இடம் அது. மணலில் குதி புதைந்து நாண் இன்னும் இழுபடும். நீஸில் கூழாங்கல் கரை. வேல்ஸ் ரேஸ் நடக்கும் டென்பியில் கடற்கரையிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதை, பிறகு ஊருக்குள் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். அந்தப் பாதையில் ஒவ்வொருவரும் தன் எண் போட்ட பையில் ஷூவை முன்கூட்டியே மாட்டிவைத்திருப்பார்கள். அந்த ஏற்பாடு எல்லா ரேஸிலும் இருந்தால் என்னைப் போன்றவர்கள் கும்பிடுவோம்.

ஷூ என்றதும் ஞாபகம் வருகிறது. குதிக்கும் முன்பாதத்துக்கும் 10 மி.மீ.க்குக் குறையாமல் உயர வித்தியாசம் உள்ள ஷூவுக்கு மாறியிருக்கிறேன். உள்ளே வைக்கும் குதி ஆப்பு வாங்கியதுதான் எரிச்சல். இணையத்தில் விற்றவர் ஜோடி என்று சொல்லி அனுப்பினார், வந்தது ஒன்று 6 மி.மீ., இன்னொன்று 9 மி.மீ. கேட்டதற்கு ‘கால்கள் வேறுபடலாம்’ என்று பதில்! இப்போது அடர்த்தியான ஃபோம் தகட்டை நானே வெட்டிக்கொள்கிறேன். ஓரத்தைச் சாய்வாகச் சீவாவிட்டால் பாதத்தின் வளைவில் விளிம்பு குத்தும், அதை மட்டும் கவனியுங்கள்.

பட்டியலில் கடைசியாக நின்றவை மூன்று. ஸ்வீடனின் கால்மார்: ஓலாந்து தீவுக்குப் போகும் ஆறு கி.மீ. பாலத்தில் ஏறுவது சைக்கிளில்தான், ரன் சமதளத்தில் மூன்று சுற்று. நெதர்லாந்தின் அல்மேரே: கடலை வடித்து உண்டாக்கிய நிலம், கடல் மட்டத்துக்கும் கீழே, அதனால் மேடு என்றால் பாலமும் கரையும்தான். ஐரோப்பாவின் மிகப் பழைய நெடுந்தூர டிரையத்லான்களில் ஒன்று. மேற்கு ஆஸ்திரேலியாவின் பசல்டன்: 1.8 கி.மீ. நீள மரப் படகுத்துறையைச் சுற்றி நீச்சல், பிறகு கடலோரமாக ரன் நான்கு சுற்று. ஜெர்மனியின் ரோத்தைக் கடைசி வரை விட மனமில்லை, அந்தக் கூட்டத்தின் நடுவே சோலார் மேட்டில் சைக்கிள் ஏற யாருக்குத்தான் ஆசை இல்லை? ஆனால் அங்கே ரன் கால்வாய்க் கரையை விட்டுவிட்டு உள்ளூர் மேடு ஏறுகிறது. காலே, நீ பிழைத்துக்கொள் என்று தள்ளிவைத்தேன்.

மூன்றிலும் ரன் சுற்றுச் சுற்றாக இருப்பது தற்செயல் அல்ல. நாண் முறுக்கிக்கொண்டால் நிறுத்த வேண்டும், நிறுத்தினால் மருத்துவக் கூடாரம் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். எங்கோ புறப்பட்டு எங்கோ முடியும் கோர்ஸில் நிறுத்துவதற்கே ஐந்தாறு கிலோமீட்டர் நொண்ட வேண்டிவரும். சுற்றுக் கோர்ஸில் ஒரு கெடுதலும் உண்டு, ‘இன்னும் ஒரே சுற்று’ என்று மனசு ஏமாற்றும். சமதளத்துக்கும் ஒரு விலை உண்டு: அடி எல்லாம் ஒரே மாதிரி விழுவதால் நாணுக்கு மாற்றமே கிடைக்காது. அதனால் வலி வந்த பிறகு நடப்பது என்றில்லாமல், முதல் கிலோமீட்டரிலிருந்தே ஓட்டமும் நடையும் கலக்கப்போகிறேன். சைக்கிளிலும் அப்படித்தான், இறக்கமே இல்லையென்றால் மிதிப்பதை நிறுத்தவே முடியாது, எதிர்க்காற்றில், முன்னால் குனிந்து படுத்த ஏரோ நிலையில் மணிக்கணக்கில் கிடக்க வேண்டும். அல்மேரேயில் என்னைப் பயமுறுத்துவது அந்தக் காற்றுதான்.

பதிவு இன்னும் செய்யவில்லை. கால்மார் ஆகஸ்டில், அல்மேரே செப்டம்பரில், பசல்டன் டிசம்பரில். கூடுதலாகக் கிடைக்கும் மாதங்கள் நாணுக்கு நல்லது என்பதால் இப்போதைக்குப் பசல்டன் பக்கம் சாய்கிறேன், வெயில் ஒன்றுதான் கேள்வி. அதற்குமுன் ஷூவைப் பெடலோடு பூட்டும் கிளீட்டைப் பின்னால் தள்ளிப் பார்க்க வேண்டும். மிதிக்கும் புள்ளி குதிப்பக்கம் நகர்ந்தால் கெண்டைக்காலின் வேலை குறையும். என் ஷூவில் துளைகள் போதுமான அளவு பின்னால் இல்லை, அடாப்டர் தகடு தேடிக்கொண்டிருக்கிறேன். சீட்டையும் சில மில்லிமீட்டர் இறக்க வேண்டியிருக்கும். ஐந்து மணி நேர சைக்கிளுக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஓடி, மறுநாள் காலை அந்த முதல் அடி எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டுவேன். சரிப்படவில்லை என்றால், நீச்சலும் சைக்கிளும் மட்டும் உள்ள அக்வாபைக் ஒன்றில் இந்த சீசனை ஓட்டிவிடுவேன். அதற்கும் சைக்கிள் கோர்ஸ்களின் கோப்புகளை இறக்க ஆரம்பித்தாயிற்று, விரிதாளில் இரண்டாவது தாள் திறந்திருக்கிறது.