ஒரே ஒரு பிஸ்கட்

ஸ்காட்லாந்தில் நடந்த கல்லோடன் போரைப் பற்றி எப்போது படித்தாலும் என் மனம் அதற்கு முந்தைய இரவிலேயே போய் நின்றுவிடும்.

1746 ஏப்ரல் 15. பிரிட்டிஷ் அரசுப் படையின் தலைவர் கம்பர்லண்ட் கோமகனுக்கு அன்று 25ஆவது பிறந்தநாள். நெய்ர்ன் முகாமில் அவருடைய வீரர்களுக்கு பிராந்தி. சில மைல் தள்ளி, தன் தந்தைக்காக பிரிட்டன் அரியணை கேட்டுப் போராடிய இளவரசர் சார்லஸின் ஸ்காட்லாந்து மலைநாட்டுப் படைக்கோ ஆளுக்கு ஒரு பிஸ்கட். அவ்வளவுதான் சாப்பாடு.

எதிரி குடித்துக் கிடப்பான், இருட்டோடு போய் அடித்துவிடலாம் என்று அந்த வயிற்றோடுதான் கிளம்பினார்கள். சேற்றில் தடுமாறி நடந்தும், விடிவதற்குள் முகாமை எட்ட முடியவில்லை. திரும்பினார்கள். சிலர் சோறு தேடி பக்கத்து ஊரான இன்வர்னஸுக்கே போய்விட்டார்கள், சிலர் கிடைத்த இடத்தில் படுத்துத் தூங்கினார்கள்.

விடிந்த அந்த 16ஆம் தேதி மதியமே போர். பனி கலந்த மழை முகத்தில் அறைகிறது. பாய்ந்து போய் வாளால் வெட்டுவதுதான் இவர்கள் பலம், காலுக்குக் கீழேயோ சதுப்பு. இந்த இடம் வேண்டாம் என்று சார்லஸின் தளபதி ஜார்ஜ் மர்ரே முன்பே சொல்லியிருந்தார், யாரும் கேட்கவில்லை. பாயச் சொல்லி உத்தரவு வரும்வரை பீரங்கிக் குண்டுகளுக்கு முன்னால் சும்மா நின்றார்கள். எனக்கு ஆறாதது இதுதான்.

ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. காயம்பட்டுக் கிடந்த மலைநாட்டு வீரர்களையும் அரசுப் படை விடவில்லை.

1881இல் அந்தப் புதைகுழிகளின் மேல் குலப் பெயர் பொறித்த கற்களை நட்டார்கள். ஒரு கல்லில் குலப் பெயர் இல்லை, ‘கலந்த குலங்கள்’ என்றே இருக்கிறது.