மூன்று சொலிசிட்டர்களின் கட்டணத் தாள்கள்

2025 மே 3, சனி

லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒன்பது ஆண்டுகளாக நாங்கள் குடியிருக்கும் ஃபிளாட்டை 3 லட்சத்து 10 ஆயிரம் பவுண்டுக்கு வாங்கிக்கொள்ள ஒருவர் முன்வந்திருக்கிறார். சாட்வெல் ஹீத்தில் நாங்கள் பார்த்துவைத்த வீட்டின் உரிமையாளரும் 4 லட்சத்து 65 ஆயிரத்துக்கு இசைந்துவிட்டார். இங்கிலாந்தில் ஒப்பந்தங்கள் பரிமாறப்படும் நாள்வரை இந்த இசைவுகள் எவரையும் கட்டுப்படுத்தாது என்பதால், பத்திர வேலை பார்க்கும் வழக்கறிஞரான நல்ல சொலிசிட்டர் ஒருவரை விரைவில் அமர்த்த வேண்டியிருக்கிறது. ஊரில் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் பத்திர எழுத்தரிடம் பேசி முடித்துவிடலாம். இங்கே உரிமையை ஆராய்வது, பணத்தைக் கைமாற்றுவது, வரி கட்டுவது, பதிவு செய்வது அனைத்தும் ஒரே அலுவலகத்தின் கையில் இருக்கின்றன.

மே 6, செவ்வாய்

இணையத்தில் விசாரித்ததில் முதல் மதிப்பீடு வந்தது. விற்பனை, வாங்கல் இரண்டுக்கும் சேர்த்து 899 பவுண்டு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். மனைவி மகிழ்ந்துபோனாள். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். ஃபிளாட் லீஸ்ஹோல்ட் (நிலம் வேறொருவருடையது, நமக்கு நீண்டகாலக் குத்தகை உரிமை மட்டுமே) என்பதால் 250, வங்கிக்காகவும் செயல்படுவதற்கு 125, முத்திரை வரிப் படிவத்தை நிரப்புவதற்கு 95, எங்கள் பழைய கடனை அடைப்பதற்கு 75, இருவரின் அடையாளச் சரிபார்ப்புக்கு 30, மூன்று வங்கிப் பரிமாற்றங்களுக்கு 120, அப்பா கும்பகோணத்திலிருந்து அனுப்பவிருக்கும் அன்பளிப்புப் பணத்தைச் சரிபார்க்க 80, கோப்பைப் பாதுகாத்து வைக்க 35. கூட்டினால் 1,709. அதன்மேல் 20 விழுக்காடு வாட் (மதிப்புக் கூட்டு வரி) சேர்த்தால் 2,050 பவுண்டு 80 பென்ஸ். 899 என்ற எண்ணுக்கு நாங்கள் எந்தக் காலத்திலும் வீடு வாங்கியிருக்க முடியாது. கடன் இல்லாமல், அன்பளிப்பு இல்லாமல், லீஸ்ஹோல்ட் இல்லாமல், பணத்தையே அனுப்பாமல் வீடு மாறுகிறவருக்கான விலை அது.

மே 8, வியாழன்

ஃபிளாட்டை விற்றுத்தரும் ஏஜென்ட் தாமே பரிந்துரைத்த நிறுவனத்தின் தாள் இன்று கிடைத்தது. 1,950 பவுண்டு, வாட் சேர்த்து 2,340. எல்லாம் அடக்கம் என்றார்கள். அடியில் சிறிய எழுத்தில், உங்கள் வேலையை எங்களிடம் அனுப்பிவைத்ததற்காக ஏஜென்ட்டுக்கு 300 பவுண்டு கொடுக்கிறோம் என்ற வரி இருந்தது. வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்ற விதிப்படி சொல்லியிருக்கிறார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த 300 யாருடைய பையிலிருந்து போகிறது என்பதை யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை.

மே 10, சனி

ராம்ஃபோர்டில் உள்ள ஒரு சிறிய அலுவலகத்துக்கு நேரில் போனோம். 2018 டிசம்பர் முதல் சொலிசிட்டர்கள் வீட்டுப் பத்திர வேலைக்கான கட்டணத்தைத் தங்கள் இணையதளத்தில் வெளியிட்டாக வேண்டும். இவர்களுடையது அங்கே இருந்தபடியே தாளிலும் இருந்தது. இரண்டு வேலைக்கும் 1,650, இரண்டு பரிமாற்றங்களுக்கு 60, வாட் சேர்த்து 2,052.

இரவு உணவுக்குப் பின் மூன்று தாள்களையும் ஒரே வரிசையில் எழுதிப் பார்த்தேன். 899 என்று விளம்பரம் செய்தவருக்கும் 1,650 என்று சொன்னவருக்கும் முடிவில் 1 பவுண்டு 20 பென்ஸ்தான் வித்தியாசம். தெருமுனைக் கடையில் ஒரு டீ கூட வராது.

மே 13, செவ்வாய்

சொலிசிட்டர் தமக்காக வாங்கும் கட்டணம் ஒன்று, நமக்காகப் பிறருக்குச் செலுத்திவிட்டு நம்மிடம் வசூலிப்பது மற்றொன்று. இவை கலந்துபோனால் ஒப்பிடுவதில் பொருள் இல்லை. வாங்கும் வீட்டைப் பற்றிய விவரங்களைக் கேட்டுப் பெறும் நகராட்சித் தேடல், தண்ணீர் மற்றும் கழிவுநீர்த் தேடல், சுற்றுச்சூழல் தேடல் ஆகியவற்றை நம்மூர் வில்லங்கச் சான்றின் பெரிய அண்ணன்கள் எனலாம். அந்தத் தகவலை வைத்து ஆலோசனை சொல்லும்போது அது சொலிசிட்டரின் சேவையின் பகுதியாகிவிடுகிறது என்று 2017இல் வரித் தீர்ப்பாயம் ஒரு வழக்கில் தீர்மானித்தது. ஆகவே தேடல்களுக்கு வாட் போடாத மதிப்பீடு குறைவாகத் தெரிந்தால் மயங்கிவிடக் கூடாது. நிலப் பதிவேட்டின் ஒரு நகலுக்கு 2024 டிசம்பர் முதல் 7 பவுண்டு. முதல் நிறுவனத்தின் தாளில் இன்னும் பழைய 3 பவுண்டே இருந்தது. தொகை சிறியதுதான், ஆனால் தாளை எவ்வளவு நாளாக யாரும் தொடவில்லை என்பதை அது சொல்லிவிட்டது.

முத்திரை வரியை யாரிடம் போனாலும் குறைக்க முடியாது. முதல் 1,25,000க்கு ஒன்றுமில்லை, அடுத்த 1,25,000க்கு 2 விழுக்காடு, மிச்சமுள்ள 2,15,000க்கு 5 விழுக்காடு, ஆக 13,250. ஒரு நிறுவனம் இதையும் மொத்தத்தில் சேர்த்து, மற்றொன்று சேர்க்காமல் விட்டதால்தான் என் தங்கை போன மாதம் குழம்பிப்போனாள்.

மே 15, வியாழன்

மூன்று இடத்துக்கும் ஒரே இரண்டு கேள்விகளைத் தொலைபேசியில் கேட்டேன். எங்களுக்குக் கடன் தரும் வங்கியின் அங்கீகாரப் பட்டியலில் நீங்கள் இருக்கிறீர்களா? விற்பனை முறிந்தால் எவ்வளவு? பட்டியலில் இல்லையென்றால் வங்கி தனக்கென வேறு சொலிசிட்டரை வைக்கும், அந்தச் செலவும் நம் தலையில் விழும். முதல் நிறுவனத்தில் இருபது நிமிடம் இசை கேட்டேன். பிறகு வந்தவர், கோப்பு திறந்த பின்பே பார்த்துச் சொல்ல முடியும் என்றார். ஏஜென்ட் சொன்ன நிறுவனம் பட்டியலில் இருப்பதாக உடனே சொன்னது. ராம்ஃபோர்டில் எங்கள் கோப்பைப் பார்க்கப்போகும் அம்மாவே எடுத்தார். பட்டியலில் இருக்கிறோம், முறிந்தால் அதுவரை செய்த வேலைக்கும் செலுத்திய தேடல் செலவுக்கும் மட்டும் வாங்குவோம், அதை எழுத்திலும் தருகிறோம் என்றார். அவரையே அமர்த்திவிட்டோம்.

ஜூன் 20, வெள்ளி

எந்த மதிப்பீட்டிலும் இல்லாத செலவு வந்துவிட்டது. ஃபிளாட் கட்டடத்தின் பராமரிப்பு நிறுவனம், வாங்குபவரின் கேள்விகளுக்கான தகவல் தொகுப்பைத் தர 420 பவுண்டு கேட்கிறது. விற்பவர்தான் கொடுக்க வேண்டும். சொலிசிட்டர் இதை முன்கூட்டியே ஒரு வரியில் சொல்லியிருந்தார், தொகை அவருக்கும் தெரியாது. அப்பாவும் அன்பளிப்புக் கடிதத்தில், இந்த வீட்டில் தமக்கு எந்த உரிமையும் வேண்டாம் என்று கையெழுத்திட்டு, மூன்று மாத வங்கிக் கணக்குடன் அனுப்பிவிட்டார். மகனுக்குக் கொடுப்பதற்கு இத்தனை சாட்சியா என்று அவருக்கு வருத்தம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

காலை 11.40க்குச் சாவி கைக்கு வந்தது. மூன்று சோறு டப்பாக்களும் ஒரு குத்துவிளக்கும் முதலில் உள்ளே போயின.

செப்டம்பர் 5, வெள்ளி

இறுதி பில் வந்தது. மதிப்பீட்டில் 2,052 இருந்த இடத்தில் 2,112. ஃபிளாட்டின் ஜன்னல்களை மாற்றியபோது நிலச் சொந்தக்காரரின் அனுமதி பெறவில்லை என்பதற்காக ஜூலையில் எடுத்த காப்பீட்டை ஏற்பாடு செய்ததற்கு 50 பவுண்டும் வாட்டும். காப்பீட்டுத் தொகை தனி. தொலைபேசியில் கேட்டேன். ஒப்பந்த நிபந்தனைகளின் நான்காம் பக்கத்தில் இருக்கிறது என்றார் அந்த அம்மா, பணிவாகவே. எடுத்துப் பார்த்தேன், இருந்தது. என் அட்டவணையில் கடைசியாக ஒரு வரிசை சேர்த்து, தங்கைக்கு அனுப்பிவைத்தேன்.